பில் மென்பொருளில் பிழை: நான்கு முறை எழுதியும் தீரவில்லை. எப்படி எழுதினால் அவர்களுக்குப் புரியும்?

போடி_பில்மேசை | செவ்வாய், இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய் கடையில் பில் போடுகிறேன். எங்களிடம் வாங்குபவர்களில் பாதிப் பேர் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில்: குமுளி, கட்டப்பனை, கொச்சி. அவர்களுக்குப் பில் போட்டால் ஐஜிஎஸ்டி (வேறு மாநில விற்பனைக்கான ஜிஎஸ்டி) 5 சதவீதம் என்று ஒரே வரியாக விழ வேண்டும். தேனி, மதுரைக்காரர்களுக்கு சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 2.5, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 2.5 என்று பிரிந்து விழ வேண்டும். ஆனால் சில நாட்களில் கேரளக்காரர் பில்லிலும் 2.5, 2.5 என்று வந்துவிடுகிறது. மூட்டை வண்டியில் ஏறிய பிறகுதான் கண்ணில் படுகிறது. போன மாதம் ஆடிட்டர் ஏழு பில்லை வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

மென்பொருள் கம்பெனிக்கு இதுவரை நான்கு முறை எழுதிவிட்டேன். எழுதியதை அப்படியே தருகிறேன், எங்கே தவறு என்று சொல்லுங்கள்.

முதல் முறை: "சார், பில்லில் வரி தப்பாக வருகிறது. உடனே சரி செய்யவும்."

இரண்டாவது: "சாயங்காலம் நெட் மெதுவாக இருக்கும்போது வரி மாறிவிடுகிறது. சர்வரைச் சரி செய்யவும்."

மூன்றாவது: "வரி பிரச்சினை இன்னும் இருக்கிறது. ஒரு பைசா வித்தியாசமும் வருகிறது. பிரிண்டரில் கடை பெயர் பாதி வெட்டுப்படுகிறது. எல்லாவற்றையும் சரி செய்யவும்."

நான்காவது: "மிக அவசரம்" என்று எழுதி, கம்ப்யூட்டர் திரையைச் செல்போனில் படம் எடுத்து அனுப்பினேன்.

இரண்டாவதுக்கு "சர்வர் நன்றாக இருக்கிறது" என்று பதில் வந்தது. நான்காவதுக்கு "எங்கள் பக்கம் சரியாக வருகிறது" என்றார்கள். என் பக்கம் வருகிறதே, அதற்கு என்ன செய்வது?

கம்பம்மெட்டு | செவ்வாய், இரவு 9.32

அண்ணே, எங்கள் கடையிலும் இதே கதைதான். வேறு மென்பொருள், ஆனால் பதில் மட்டும் அச்சு அசல். போனைப் போட்டுச் சத்தம் போட்டால்தான் வேலை நடக்கிறது.

கொழிஞ்சாம்பாறை | செவ்வாய், இரவு 11.05

நான் இந்தக் கடிதங்களைப் பெறும் பக்கத்தில் இருப்பவன். பதினொரு வருடமாகக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் முதல் கடிதம் என் மேசைக்கு வந்தால் நான் என்ன செய்வேன் தெரியுமா? மென்பொருளைத் திறப்பேன். வாடிக்கையாளர் பெயரைத் தேர்ந்தெடுப்பேன், ஒரு சரக்கைச் சேர்ப்பேன், வரியைப் பார்ப்பேன். சரியாக இருக்கும். "எங்கள் பக்கம் சரியாக வருகிறது" என்று எழுதிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போவேன். அது அலட்சியம் இல்லை. என் மேசையில் அது உண்மையிலேயே சரியாகத்தான் வந்தது. "தப்பாக வருகிறது" என்ற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு உங்கள் மேசையில் நடந்ததை என்னால் திரும்ப நடத்திப் பார்க்க முடியாது. கண்ணுக்கு முன் ஒரு முறை நடந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நடக்காத பிழையைத் திருத்துவது, ஆள் வராமல் துணி தைப்பது மாதிரி.

இரண்டாவது கடிதம் இன்னும் கெடுதல் செய்திருக்கிறது. கோபிக்க வேண்டாம். "நெட் மெதுவாக இருக்கும்போது" என்று எழுதினீர்கள். அது நீங்கள் பார்த்ததா, இல்லை நீங்களாக நினைத்துக்கொண்ட காரணமா? அவர்கள் உங்களை நம்பினார்கள். நம்பியதால் நேராகச் சர்வரைப் போய்ப் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. வரிக் கணக்கு போடும் இடத்தை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வைத்தியரிடம் போய் "எனக்குப் பித்தம்" என்று சொன்னால் அவர் பித்தத்துக்கு மருந்து தருவார். "காலையில் எழுந்ததும் தலை சுற்றுகிறது, சாப்பிட்டால் நின்றுவிடுகிறது" என்று சொன்னால்தான் அவர் யோசிப்பார். காரணத்தைச் சொல்லவே கூடாது என்று இல்லை. நடந்ததை முதலில் எழுதுங்கள், நினைத்ததைக் கடைசியில், "இது என் ஊகம்" என்று தனியாக எழுதுங்கள்.

மூன்றாவது கடிதத்தில் மூன்று பிழைகள். மூன்றையும் ஒரே ஆள் பார்க்க மாட்டார். பிரிண்டர் பிழை தீர்ந்ததும் "முடிந்தது" என்று மொத்தக் கடிதத்தையும் மூடிவிடுவார்கள். ஒரு பிழைக்கு ஒரு கடிதம்.

அந்த ஒரு பைசா பிழையே இல்லாமலும் இருக்கலாம். அரை கிலோ ஏலக்காய், கிலோ 2469 ரூபாய் என்றால் தொகை 1234.50. அதற்கு 5 சதவீதம் 61.725, அது 61.73 ஆகிவிடும். அதையே 2.5, 2.5 என்று பிரித்தால் ஒவ்வொன்றும் 30.8625, அது 30.86 ஆகும். இரண்டையும் கூட்டினால் 61.72. பைசா அளவுக்கு முழுமையாக்குவதில் வரும் வித்தியாசம் அது. இரண்டு பில்லையும் தொகையோடு அனுப்பியிருந்தால் ஒரே நாளில் இந்த விளக்கம் உங்களுக்குக் கிடைத்திருக்கும்.

சரி, இப்போது உங்களிடம் கேட்க வேண்டியவை. தப்பாக வந்த ஒரு பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எத்தனை சரக்கு? எல்லாச் சரக்குக்கும் 2.5 விழுந்ததா, சில சரக்குக்கு மட்டுமா? அந்த வாடிக்கையாளருக்கு முன்பு சரியாக வந்திருக்கிறதா? மென்பொருளின் வெர்ஷன் எண் என்ன? எல்லாவற்றையும் விட முக்கியமானது: அந்தப் பில்லைப் போடும்போது உங்கள் கை எந்த வரிசையில் போனது? முதலில் எதை அழுத்தினீர்கள், அடுத்து எதை?

போடி_பில்மேசை | புதன், காலை 8.20

மிக்க நன்றி அண்ணா. கம்பம்மெட்டு அவர்களுக்கு: நான் பெண். தங்கச்சி என்றே சொல்லுங்கள்.

ஆடிட்டர் வட்டம் போட்ட ஏழு பில்லையும் இப்போதுதான் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஏழும் கேரளப் பில்கள். ஐந்தில் எல்லாச் சரக்குக்கும் 2.5, 2.5. இரண்டில் மட்டும் விசித்திரம்: முதல் இரண்டு சரக்குக்கு 2.5, 2.5 என்றும், மூன்றாவது சரக்குக்கு ஐஜிஎஸ்டி 5 என்றும் இருக்கிறது. ஒரே பில்லில் இரண்டு விதம்! இதை நான் இதுவரை கவனிக்கவே இல்லை. வாடிக்கையாளர்கள் பழையவர்கள்தான். அவர்களுக்கே சரியான பில்லும் நிறைய இருக்கிறது.

வெர்ஷன் எண்ணை எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எந்த வரிசையில் அழுத்தினேன் என்பதும் நினைவில் இல்லை. எப்போதாவதுதான் வருகிறது. அதுதான் தொல்லை.

குப்பம்_பயணி | புதன், காலை 9.45 (ரயிலிலிருந்து)

குப்பத்திலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய் வருபவன். வேலை சோதனையாளர், அதாவது பிழையைத் தேடிப் பிடிப்பதே சம்பளம்.

தங்கச்சி, அந்த "ஒரே பில்லில் இரண்டு விதம்" என்பதைத் தங்கம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கடிதத்திலும் இல்லாத செய்தி அது.

"எப்போதாவது" என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்கு "எப்போதாவது" என்று மனநிலை கிடையாது. நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று சில நேரம் இருக்கிறது, சில நேரம் இல்லை. அவ்வளவுதான்.

தெராக்-25 என்று ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம், கனடாவில் செய்தது. 1985 முதல் 1987 வரை ஆறு விபத்துகளில் நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர் பாய்ந்தது, சிலர் இறந்தே போனார்கள். 1986இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊரில் இரண்டு முறை நடந்தது. திரையில் "மால்பங்ஷன் 54" என்று மட்டும் வந்தது. அதற்கு என்ன பொருள் என்று பயன்படுத்துபவருக்குப் புரியும்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும், இயந்திரத்தை இயக்கிய பெண்மணியும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்குத் தட்டியதை அப்படியே திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார்கள். கடைசியில் கண்டுபிடித்தார்கள்: சிகிச்சை வகையைத் தவறாகத் தட்டிவிட்டு, மேலே போய்த் திருத்தி, எட்டு நொடிக்குள் எல்லாவற்றையும் முடித்தால் பிழை வருகிறது. நிதானமாகத் தட்டினால் வருவதில்லை. தயாரித்த கம்பெனிக்காரர் தன் இடத்தில் முயன்றபோது அவருக்கு முதலில் வரவில்லை. வேகமாகத் தட்ட வேண்டும் என்று சொன்ன பிறகுதான் வந்தது.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கலங்கும். அந்தப் பெண்மணி வேலையில் கைதேர்ந்தவர். வேகமாகத் தட்டியது அவர் குற்றம் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர் கையில் அந்தப் பிழை வந்திருக்காது. நீங்களும் அப்படித்தான். வருடக்கணக்காகப் பில் போடும் உங்கள் கை எந்த வழியில் போகிறது என்று மென்பொருள் எழுதியவருக்குத் தெரியாது.

அதனால் இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேரளப் பில்லுக்கும் ஒரு குறிப்பு எழுதுங்கள்: மணி என்ன, நேரில் வந்தவரா போனில் சொன்னவரா, முதலில் பெயரா சரக்கா, வரி சரியா தப்பா. பத்துப் பில் ஆனதும் பாருங்கள்.

கம்பம்மெட்டு | புதன், காலை 10.30

தங்கச்சி, தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வருடா வருடம் பணம் கட்டித்தான் இந்த மென்பொருளை வைத்திருக்கிறோம். பிழை அவர்களுடையது. நோட்டு எழுதுவது, பத்துப் பில் பார்ப்பது, இதெல்லாம் நம் வேலையா? லாரி நிற்கும்போது நான் பில் போடுவேனா, நோட்டு எழுதுவேனா? மிக்ஸி ரிப்பேர் ஆனால் கடையில் கொடுத்துவிட்டு வருகிறோம், எந்த கம்பி போனது என்று நாமா சொல்கிறோம்?

கொழிஞ்சாம்பாறை | புதன், பகல் 1.15

நியாயமான கேள்வி. பிழையைக் கண்டுபிடிப்பதும் திருத்துவதும் எங்கள் வேலைதான், அதை உங்கள் தலையில் கட்டக் கூடாது. நல்ல கம்பெனி என்றால் ஆளை அனுப்பி உங்கள் மேசைக்கு அருகில் அரை நாள் உட்கார வைக்க வேண்டும். நான் வேலை செய்த ஓர் இடத்தில் அப்படிச் செய்தோம். பொள்ளாச்சியில் ஒரு தேங்காய் மண்டியில் உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில், ஆறு மாதமாகப் பிடிபடாத பிழை பிடிபட்டது.

ஆனால் மிக்ஸியை நீங்கள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். அங்கே சுவிட்சைப் போட்டதும் ஓடவில்லை என்று அவர் கண்ணாலேயே பார்க்கிறார். மென்பொருளில் அந்தத் தூக்கிக்கொண்டு போகும் வேலைதான் கடிதம். எந்தக் கம்பி போனது என்று நீங்கள் சொல்ல வேண்டாம். மிக்ஸியை மட்டும் கொண்டு வாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வெர்ஷன் எண் பெரும்பாலும் உதவி மெனுவின் கடைசியில் இருக்கும், அல்லது திறக்கும்போது முதல் திரையில் வரும்.

குமுளி_மிளகு | புதன், மாலை 6.50

எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், திரையைப் படம் எடுத்து அனுப்புவது பற்றிப் பேச்சு வந்ததால்.

இங்கே ஒரு சிறிய நூலகத்தில் உறுப்பினர் பட்டியலைக் கவனித்துக்கொள்கிறேன். பாதிப் பெயர் தமிழில், பாதிப் பெயர் மலையாளத்தில். ராஜன் என்று மலையாளத்தில் தேடினால் நான்கு பேரில் இரண்டு பேர்தான் வருவார்கள். மற்ற இருவரும் பட்டியலில் கண்ணுக்கு எதிரே இருக்கிறார்கள், தேடினால் இல்லை. நானும் திரையைப் படம் எடுத்து அனுப்பினேன். "இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கிறது, என்ன பிழை?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரி. படத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

பிறகு ஒரு மலையாள நண்பர் காரணத்தைச் சொன்னார். மலையாளத்தில் ன், ர், ல், ள், ண் என்று மெய்யாக முடியும் சில்லு எழுத்துகளுக்கு முன்பு தனிக் குறியீடு கிடையாது. ன எழுத்து, அதன் மேல் சந்திரக்கலை (நம் புள்ளி மாதிரி), அதற்குப் பின் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி என்று மூன்றைச் சேர்த்து எழுதுவார்கள். 2008இல், எழுத்துகளுக்குக் கம்ப்யூட்டர் குறியீடு வகுக்கும் யூனிகோட் தரத்தின் 5.1 பதிப்பு வந்தபோது சில்லுகளுக்குத் தனிக் குறியீடு கொடுத்தார்கள். பழைய முறையில் தட்டிய ராஜனும் புதிய முறையில் தட்டிய ராஜனும் திரையில் ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. எங்கள் பட்டியலை இரண்டு பேர், இரண்டு விசைப்பலகையில் தட்டியிருக்கிறார்கள்.

தமிழிலும் உண்டு. "கொ" என்பதில் ககரத்தோடு சேரும் ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு துண்டாகவும் எழுதலாம். அதையாவது மென்பொருள் ஒன்றாக்கிக்கொள்ள யூனிகோடிலேயே வழி இருக்கிறது. ஆனால் "கௌரி" என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டியவர்கள் ஏராளம். அது கம்ப்யூட்டருக்கு வேறு சொல்லேதான்.

அடுத்த கடிதத்தில் படத்தை அனுப்பவில்லை. இரண்டு பெயரையும் அப்படியே நகலெடுத்து ஒட்டினேன். "முதல் பெயரைத் தேடினால் இரண்டாவது வரவில்லை, இரண்டாவதைத் தேடினால் முதல் பெயர் வரவில்லை" என்று மட்டும் எழுதினேன். மூன்று நாளில் திருத்தம் வந்தது. எழுத்து சம்பந்தப்பட்ட பிழைக்குப் படம் போதாது, எழுத்தையே அனுப்ப வேண்டும்.

குப்பம்_பயணி | புதன், இரவு 8.05

அருமை. எங்கள் பக்கம் தெலுங்கிலும் இப்படி ஒன்று நடந்தது, உலகமே பேசியது. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்கு எழுத்து வந்தால் ஐபோனில் மெசேஜ் ஆப் அப்படியே விழுந்துவிடும், அதாவது தானாக மூடிக்கொள்ளும். ஞானம் என்பதைத் தெலுங்கில் எழுதும்போது முதலில் வரும் கூட்டெழுத்துதான், நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்புக் குறியோடு. "வாட்ஸாப் திறக்கவில்லை", "போன் கெட்டுவிட்டது" என்று எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள். ஆனால் பெரிய செய்தியிலிருந்து ஒவ்வொரு சொல்லாக நீக்கி, ஒவ்வோர் எழுத்தாக நீக்கி, கடைசியில் இந்த ஒன்றுதான் என்று நிறுத்தியவர்களால்தான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. பிறகு பார்த்தால் வங்காளத்திலும் தேவநாகரியிலும் அதே வகை எழுத்துச் சேர்க்கைக்கு அதே பிழை. அந்த மாதமே ஐஓஎஸ் 11.2.6 என்று திருத்தம் வந்தது.

நீக்கிக்கொண்டே போவது எல்லாப் பிழைக்கும் பொருந்தும். தங்கச்சி, பத்துச் சரக்கு உள்ள பில்லில் பிழை வந்தால், ஒரு சரக்கு மட்டும் வைத்து வருகிறதா பாருங்கள். வந்தால் அந்த ஒரு சரக்குப் பில்லை அனுப்புங்கள்.

சத்தியவேடு_மாம்பழம் | புதன், இரவு 8.40

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் பேசுவது கம்ப்யூட்டர் பற்றி. மொபைல் ஆப் விழுந்தால் என்ன அனுப்புவது?

குப்பம்_பயணி | புதன், இரவு 9.00

போன் மாடல், ஆண்ட்ராய்டு வெர்ஷன், ஆப் வெர்ஷன், எந்தத் திரையில் எதைத் தொட்டதும் விழுந்தது, திரும்பத் திறந்து அதையே தொட்டால் மறுபடி விழுகிறதா. நம் எல்லைப் பக்கம் இன்னொன்றும் சேர்த்து எழுதுங்கள்: அந்த நேரம் போன் எந்த மாநில டவரைப் பிடித்திருந்தது. பெரும்பாலும் இவ்வளவே போதும். அவர்கள் கூடுதலாகக் கேட்டால், அமைப்புகளில் பில்டு நம்பர் என்ற இடத்தை ஏழு முறை தொட்டால் டெவலப்பர் பகுதி திறக்கும், அதில் பிழை அறிக்கை எடுக்க ஒரு வழி இருக்கும். ஆனால் அந்தக் கோப்பில் உங்கள் போனின் பல அந்தரங்க விவரங்கள் இருக்கும். பொது இடத்தில் போடாதீர்கள், கேட்டவருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள்.

போடி_பில்மேசை | வெள்ளி, இரவு 10.15

கண்டுபிடித்துவிட்டேன்!

இரண்டு நாளில் கேரளப் பில் பதின்மூன்று போட்டேன். நான்கு தப்பு. நான்கும் போனில் சொன்ன ஆர்டர். சாயங்காலம் என்று நான் நினைத்தது ஏன் என்றும் இப்போது புரிகிறது. எங்களுக்குப் போன் ஆர்டர் பெரும்பாலும் மாலையில்தான் வரும். நேரில் வருபவர் என்றால் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் சரக்கைத் தட்டுவேன். போனில் என்றால் அவர் பேசப் பேச "8 எம்எம் முப்பது கிலோ, 7 எம்எம் இருபது கிலோ" என்று சரக்கை முதலில் தட்டிவிடுவேன், வாடிக்கையாளர் இடத்தில் "ரொக்கம்" என்றே இருக்கும். போனை வைத்த பிறகு பெயரை மாற்றுவேன். அங்கேதான் பிழை. ரொக்கம் என்பது தமிழ்நாடு என்று பதிவாகியிருக்கிறது. பெயரை மாற்றிய பிறகும் முன்பு தட்டிய சரக்குகளின் வரி மாறுவதில்லை. அதன் பிறகு சேர்க்கும் சரக்குக்கு மட்டும் சரியாக ஐஜிஎஸ்டி வருகிறது. ஒரே பில்லில் இரண்டு விதம் வந்தது அதனால்தான்.

நெட்டைப் பிடுங்கிவிட்டும் செய்து பார்த்தேன். அப்போதும் வருகிறது. நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு மாதமாக அவர்களைத் தவறான பக்கம் அனுப்பியிருக்கிறேன் என்று நினைக்க வருத்தமாக இருக்கிறது.

இப்படி எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பும் முன் பாருங்கள்:

"தலைப்பு: சரக்கைச் சேர்த்த பிறகு வாடிக்கையாளரை மாற்றினால் ஏற்கெனவே உள்ள சரக்குகளுக்கு வரி மாறவில்லை

1. புதிய விற்பனைப் பில் திறந்தேன். வாடிக்கையாளர்: ரொக்கம் (தமிழ்நாடு, மாநிலக் குறியீடு 33).
2. ஏலக்காய் 8 எம்எம், 10 கிலோ, கிலோ 2000 ரூபாய் சேர்த்தேன். சிஜிஎஸ்டி 500, எஸ்ஜிஎஸ்டி 500 வந்தது.
3. வாடிக்கையாளரைக் கேரளத்தில் (32) உள்ள ஒருவராக மாற்றினேன்.

எதிர்பார்த்தது: ஐஜிஎஸ்டி 1000.
நடந்தது: சிஜிஎஸ்டி 500, எஸ்ஜிஎஸ்டி 500 அப்படியே இருக்கிறது.

ஆறு முறை செய்தேன், ஆறு முறையும் வந்தது. வாடிக்கையாளரை முதலில் தேர்ந்தெடுத்தால் ஒரு முறையும் வரவில்லை. வெர்ஷன் எண்ணும் திரையின் மூன்று படங்களும் இணைத்திருக்கிறேன். விண்டோஸ் 10.

இப்போதைக்குச் சரக்கை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்து வேலையை ஓட்டுகிறோம். மாதம் ஏழு எட்டுப் பில் பாதிக்கப்படுகிறது, கணக்குத் தாக்கல் தவறாகிறது."

கொழிஞ்சாம்பாறை | வெள்ளி, இரவு 10.50

இது என் மேசைக்கு வந்திருந்தால் டீ ஆறுவதற்குள் பிழையை நேரில் பார்த்திருப்பேன். 10 கிலோ, 2000 ரூபாய் என்று வட்டமான எண்ணாகப் போட்டது நல்ல யோசனை, படித்ததும் மனக்கணக்கிலேயே சரிபார்த்துவிடலாம். "முதலில் தேர்ந்தெடுத்தால் வரவில்லை" என்ற வரியை எடுக்கவே எடுக்காதீர்கள். எப்போது வரவில்லை என்பதும் எப்போது வருகிறது என்பதும் சேர்ந்தால்தான் தேட வேண்டிய இடம் சுருங்கும். "அவசரம்" என்று எழுதாமல் என்ன நஷ்டம் என்று எழுதியதும் சரி. அவசரத்தை அவர்களே புரிந்துகொள்வார்கள்.

ஒரு திருத்தம். படங்களில் வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண் தெரிகிறதா? முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு, இந்தப் பிழைக்கு அது தேவை. அடுத்த பத்து எழுத்தும் அவருடைய பான் எண். முதல் இரண்டை விட்டுவிட்டு மற்றதை மறைத்துவிடுங்கள். போன் எண்ணையும்.

குப்பம்_பயணி | வெள்ளி, இரவு 11.20

எங்கள் ஊர் மூன்று மாநிலம் கூடும் இடம், 37 (ஆந்திரம்), 33 (தமிழ்நாடு), 29 (கர்நாடகம்) மூன்றிலும் பில் போகும். முடிந்தால் ஓர் ஆந்திர வாடிக்கையாளரை வைத்தும் செய்து பாருங்கள். ஆந்திரம் பிரிவதற்கு முந்தைய 28 என்ற பழைய குறியீடு சில மென்பொருளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே வேறு பிழை கண்டால் வேறு கடிதம்.

செங்கோட்டை_மூத்தவன் | சனி, காலை 6.30

படிக்கப் படிக்க மகிழ்ச்சியாக இருந்தது, அம்மா. எனக்கு மென்பொருள் தெரியாது, இலக்கணம் கொஞ்சம் தெரியும். கணினித் தமிழில் இந்தப் பிழையை "வழு" என்கிறார்கள். இலக்கணத்தில் வழு, வழாநிலை, வழுவமைதி என்று மூன்று உண்டு. வழுதான், ஆனாலும் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்கிறோம் என்பது வழுவமைதி. அந்த ஒரு பைசா அப்படிப்பட்டதுதானே?

ஒரு கேள்வி. இதைத் தமிழில் அனுப்பலாமா, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா? எங்கள் ஊர் 1956 வரை திருவிதாங்கூரில் இருந்தது. எந்த அலுவலகத்துக்கு எந்த மொழியில் எழுதுவது என்ற குழப்பம் எங்களுக்குப் பரம்பரைச் சொத்து.

கொழிஞ்சாம்பாறை | சனி, காலை 7.40

ஆமாம் ஐயா, அந்த ஒரு பைசாவுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

மொழி பற்றி: எந்த மொழியில் நடந்ததை நடந்தபடி எழுத முடியுமோ அந்த மொழியில் எழுதுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் எழுதும்போது வரிசை போய்விடுகிறது, "ப்ராப்ளம்" என்ற சொல் மட்டும் மிஞ்சுகிறது. திரையில் வந்த பிழைச் செய்தியை மட்டும் மொழிபெயர்க்காமல் ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே ஒட்டுங்கள். நாங்கள் அந்தச் சொற்றொடரைத்தான் நிரலுக்குள் தேடுவோம். நானே தமிழில் வந்த கடிதத்தை மலையாளத்தில் விளக்கிக் கொச்சியில் இருப்பவரிடம் கொடுத்திருக்கிறேன். படிகள் தெளிவாக இருந்தால் மொழி தடை இல்லை.

கம்பம்மெட்டு | சனி, காலை 11.00

தங்கச்சி, உன் கடிதத்தைப் பார்த்து என் கடையிலும் அதே வரிசையில் செய்து பார்த்தேன். என் மென்பொருளில் அந்தப் பிழை இல்லை. ஆனால் என் பிழை வேறு, இருப்புக் கணக்கு குறைகிறது. புதன்கிழமை சொன்னதை முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை, கம்பெனிக்காரன் ஆளை அனுப்பத்தான் வேண்டும். ஆனாலும் இன்று காலையிலிருந்து நோட்டு போட்டுவிட்டேன்.

போடி_பில்மேசை | அடுத்த வியாழன், இரவு 9.30

எல்லோருக்கும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை அனுப்பினேன். திங்கள் காலையில் "பார்த்துவிட்டோம், எங்களிடமும் வருகிறது" என்று பதில். அதைப் படித்ததும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி மாளாது. நேற்று புதிய வெர்ஷன் வந்தது.

வந்ததும் அதே மூன்று படியையும் செய்தேன். ஐஜிஎஸ்டி 1000, சரி. கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு மாற்றினேன், சரி. ஆந்திரம், 37, சரி. நெட் இல்லாமல், சரி. ஆனால் பழைய பில்லை நகலெடுத்துப் புதிய பில்லாக்கி, அதில் வாடிக்கையாளரை மாற்றினால் இன்னும் பழைய வரியே இருக்கிறது. அதை முன்பு நான் எழுதவில்லை, அதனால் அவர்கள் பார்க்கவில்லை. தனிக் கடிதமாக, பழைய கடிதத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, இன்று மாலை அனுப்பிவிட்டேன்.

ஆடிட்டரிடம் ஏழு பில்லைப் பற்றிக் கேட்டேன். ஐஜிஎஸ்டியாகக் கட்டிவிட்டு, தவறான தலைப்பில் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம் என்றார். அந்த வேலை நாளை. அப்புறம் சரக்குத் திரும்பி வந்தால் போடும் பில் ஒன்று பாக்கி இருக்கிறது, அதிலும் வாடிக்கையாளரை மாற்றிப் பார்க்க வேண்டும்.